எடைக்குறைப்பு ஊசி: விலை இறங்குகிறது... யாருக்குப் பலன், யாருக்கு ஆபத்து?

மதுரையில் 2026 ஜனவரியில் 19 வயது கல்லூரி மாணவி ஒருவர், உடல் எடையைக் குறைப்பதற்காக வெங்காரம் சாப்பிட்டு உயிரிழந்தார். ‘வெங்காரம் கொழுப்பைக் கரைக்கும்’ என்று யூடியூபில் வந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, நாட்டு மருந்துக் கடையில் வாங்கி உட்கொண்டதாகப் போலீஸ் தரப்பில் சொல்லப்பட்டது. வெங்காரம் என்பது போராக்ஸ். பொற்கொல்லர்கள் நகையைப் பற்றவைக்கும்போது பயன்படுத்துவது; சலவைத்தூளிலும் கரப்பான், எறும்பு மருந்துகளிலும் சேர்வது. கேரம் போர்டில் தூவுகிறோமே போரிக் பவுடர், அதற்கு நெருங்கிய சொந்தம். சித்த மருத்துவத்தில்கூட இதைச் சுத்தி செய்யாமல் தொடமாட்டார்கள். அது கொழுப்பைக் கரைக்காது. வாந்தி, வயிற்றுப்போக்கில் தொடங்கி, அளவு கூடினால் உயிரையே எடுத்துவிடும்.

அதே நேரத்தில், சர்க்கரை நோய் மருத்துவர்களிடம் வருபவர்கள் இன்னொரு கேள்வியோடு வருகிறார்கள்: “டாக்டர், வாரம் ஒரு ஊசி போட்டா இளைச்சிடலாமாமே, நமக்கு ஒத்துக்குமா?” வெங்காரத்துக்கும் இந்த ஊசிக்கும் மருத்துவ ரீதியாக எந்தத் தொடர்பும் இல்லை. ஒன்று விஷம், மற்றொன்று பல்லாயிரம் பேரிடம் சோதித்துப் பார்த்த மருந்து. ஆனால் இரண்டையும் தேடவைக்கும் ஆசை ஒன்றுதான். அந்த ஆசைக்கு உண்மையிலேயே வேலை செய்யும் ஒரு மருந்து முதல்முறையாகக் கிடைத்திருக்கிறது என்பதே இப்போதைய செய்தி. எனவே ‘இது வேலை செய்யுமா’ என்ற கேள்வியைத் தாண்டி யாருக்கு, என்ன விலையில், எத்தனை வருடத்துக்கு, யார் கண்காணிப்பில் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

எப்படி வேலை செய்கிறது?

நாம் சாப்பிட்டவுடன் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. கணையத்திடம் ‘இன்சுலினை விடு’ என்கிறது. இரைப்பையிடம் ‘மெதுவாகக் காலி செய்’ என்கிறது. மூளையிடம் ‘போதும்’ என்கிறது. சிக்கல் என்னவென்றால், இயற்கையாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 ஒன்றிரண்டு நிமிடங்களில் சிதைந்துவிடும். இதைப்போலவே வேலை செய்யும், ஆனால் சீக்கிரம் சிதையாத ஒரு பொருளை 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் ஜான் எங் கண்டுபிடித்தார். அதை எடுத்தது கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரிலிருந்து. அந்த வழியில் வந்த முதல் மருந்து 2005இல் சர்க்கரை நோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இன்று பேசப்படும் செமக்ளூடைடு, மனித ஹார்மோனையே திருத்தி, ஒரு வாரம் வரை உடலில் தங்கும்படி செய்த வடிவம். ஓசெம்பிக், விகோவி இரண்டிலும் இருப்பது இதே மருந்துதான். முதலாவது சர்க்கரை நோய்க்கு, இரண்டாவது உடல் பருமனுக்கு. டிர்செபடைடு (மவுஞ்சாரோ) ஜிஎல்பி-1 உடன் ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

சோதனை முடிவுகள் லேசானவை அல்ல. 2021இல் வெளியான ஸ்டெப்-1 ஆய்வில் 1,961 பேர் பங்கேற்றனர். 68 வாரங்களில் செமக்ளூடைடு போட்டவர்கள் சராசரியாக 14.9 சதவீத எடையை இழந்தனர். வெற்று ஊசி போட்டவர்கள் 2.4 சதவீதம். டிர்செபடைடின் உச்ச அளவில் 72 வாரங்களில் சுமார் 21 சதவீதம் வரை குறைந்தது. 90 கிலோ எடை உள்ளவருக்கு இது 13 முதல் 19 கிலோ. டயட், வாக்கிங் மட்டும் வைத்து இந்த அளவு குறைத்து, அதைத் தக்கவைத்தவர்கள் மிகக் குறைவு என்பது எந்த மருத்துவருக்கும் தெரியும்.

எடை மட்டுமல்ல. ஏற்கெனவே இதய நோய் இருந்த, சர்க்கரை இல்லாத, எடை கூடிய 17,604 பேரிடம் நடந்த செலக்ட் ஆய்வில் (2023) மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை 20 சதவீதம் குறைந்தன. இந்த ‘20 சதவீதம்’ விளம்பரத்துக்கு வசதியான எண். உள்ளே பார்த்தால், நூறு பேரில் 8 பேருக்கு வந்தது 6.5 பேராகக் குறைந்தது, அவ்வளவுதான். சிறியதுபோலத் தெரிந்தாலும், இதய நோயாளிகளுக்கு இது மதிப்புள்ள குறைவு. சர்க்கரையால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களிடம் நடந்த ஃப்ளோ ஆய்வில் (2024), சிறுநீரகம் மோசமடைவது உள்ளிட்ட பெரிய பாதிப்புகள் 24 சதவீதம் குறைந்தன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்காக உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் மதுரைக்குப் பஸ் ஏறும் குடும்பத்துக்கு, ‘சிறுநீரகம் சில வருடம் தாங்கும்’ என்ற வார்த்தையின் எடை புரியும்.

ஒல்லியாகத் தெரிந்தாலும் தொப்பை

தமிழ்நாட்டில் இது பணக்கார வியாதி என்ற பேச்சு காலாவதியாகிவிட்டது. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019-21) மாநிலத்தில் பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். அதற்கு ஐந்து வருடம் முன்பு பெண்களில் 30.9, ஆண்களில் 28.2. நாட்டின் சராசரி 25ஐக்கூடத் தொடவில்லை. சென்னை மெட்ராஸ் டயாபட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், ஐசிஎம்ஆருடன் சேர்ந்து நடத்திய இண்டியாப் ஆய்வு (2023), இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது, தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். வயிற்றுப் பருமன் மட்டும் எடுத்தால் நாட்டில் 39.5 சதவீதம் பேர்.

இந்தக் கடைசி எண்தான் நம் ஊருக்கு முக்கியம். புனே மருத்துவர் யாஜ்னிக் 2004இல் ‘லான்செட்’ இதழில் தன் படத்தையும் பிரிட்டிஷ் நண்பர் யுட்கின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடான பிஎம்ஐ 22.3தான். ஆனால் உடல் கொழுப்பு, பிரிட்டிஷாருக்கு 9.1 சதவீதம், இந்தியருக்கு 21.2 சதவீதம். கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் நிற்கும் உடல்வாகு. அதனால்தான் இந்தியாவில் பிஎம்ஐ 23ஐத் தாண்டினாலே அதிக எடை, 25 என்றால் பருமன் என்று கணக்கு. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை.

ஆனால் பெரிய சோதனைகள் நடந்தது பிஎம்ஐ 30க்கு மேல், அல்லது கூடவே வேறு நோயும் இருந்தால் 27க்கு மேல் உள்ளவர்களிடம். அவர்களில் பெரும்பாலானோர் வெள்ளையர். இந்தியாவில் இந்த மருந்துகளுக்கான அனுமதியும் அதே எல்லையில்தான். 26 பிஎம்ஐ, 98 செ.மீ. வயிறு, கட்டுப்படாத சர்க்கரை என்று ஒருவர் வந்தால், அவர் சர்க்கரைக்காக ஊசி பெறலாம். சர்க்கரை இன்னும் வராத, ஆனால் வாசலில் நிற்கும் ஒருவருக்கு? அந்த இடத்தில் மருத்துவரின் அனுபவமே அளவுகோல். அதே இடத்தில்தான் வியாபாரமும் நுழைகிறது.

மாதம் எவ்வளவு?

மவுஞ்சாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. தொடக்க அளவு 2.5 மி.கி. குப்பி ஒன்று 3,500 ரூபாய். வாரம் ஒன்று என்றால் மாதம் 14,000. விகோவி அதே ஜூனில் வந்தது, தொடக்க அளவு மாதம் 17,345 ரூபாய். இந்த விலையிலும் 2025 அக்டோபரில், மதிப்பு அடிப்படையில் நாட்டிலேயே அதிகம் விற்ற மருந்தாக மவுஞ்சாரோ ஆனது. அதுவரை அந்த இடம் ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு. நவம்பரில் விகோவி விலையைக் குறைத்தது. தொடக்க அளவு மாதம் 10,850 ரூபாய் ஆனது. டிசம்பரில் ஓசெம்பிக், மாதம் 8,800 ரூபாயில் வந்தது.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26இல் நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். குறைத்த பிறகும் விகோவியின் ஒரு மாதச் செலவு 32 நாள் கூலி. மாதத்தில் அத்தனை நாளே கிடையாது.

கணக்கு மாறும் இடம் காப்புரிமை. செமக்ளூடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சில் முடிந்தது. அதற்கு வெகு முன்பே டாக்டர் ரெட்டீஸ், சன் பார்மா, ஸைடஸ் என உள்நாட்டு நிறுவனங்கள் தயாரிப்பில் இறங்கியிருந்தன. டிர்செபடைடு காப்புரிமை இன்னும் இருக்கிறது. ஆனால் பக்கத்துக் கடையில் மலிவாக ஒன்று விற்றால் அதன் விலையும் பழைய இடத்தில் நிற்காது.

மருந்துப் பொருள் மலிவானால் என்ன நடக்கும் என்பதற்கு மதுரைக்கு வேறு ஊர் உதாரணம் தேவையில்லை. 1976இல் 11 படுக்கையுடன் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இறக்குமதி லென்ஸின் விலை ஏழைகளுக்கு எட்டாததால் 1992இல் ஆரோலேப் மூலம் இங்கேயே தயாரிக்க ஆரம்பித்தது. விலை தலைகீழாக விழுந்தது; புரை அறுவை சிகிச்சை கிராமத்துப் பாட்டிக்கும் வந்து சேர்ந்தது. ஊசியிலும் அப்படி நடக்கலாம் என்று நம்புவோர் உண்டு. ஒரு வித்தியாசம் இருக்கிறது. லென்ஸை ஒருமுறை வைத்தால் போதும். ஊசி அப்படியல்ல.

நிறுத்தினால் திரும்பி வரும்

ஸ்டெப்-1 ஆய்வில் பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினரை, மருந்தை நிறுத்திய பிறகும் ஒரு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை அளவுகளில் கிடைத்த நன்மையும் பெரும்பாலும் பழைய இடத்துக்கே போனது. ‘மருந்து தோற்றுவிட்டது’ என்று இதற்கு அர்த்தமில்லை. பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறுகிறது, அதுபோலத்தான். உடல் பருமன் நாள்பட்ட நோய் என்பதன் நேரடி விளைவு இது. ஆனால் “கல்யாணம் வரைக்கும் நாலு மாசம் போட்டுக்கிறேன்” என்று வருபவரிடம் யாரும் இதைச் சொல்வதில்லை.

திரும்பி வரும்போது இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்த மருந்துகளால் குறையும் எடையில் கால் பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை கொழுப்பல்லாத திசு, அதாவது தசையும் சேர்ந்து போகிறது. திரும்ப ஏறுவது பெரும்பாலும் கொழுப்பு. தசை ஏற்கெனவே குறைவாக உள்ள நம் உடல்வாகுக்கு இது கெட்ட பேரம். 2025இல் வெளியான இண்டியாப் உணவு ஆய்வு, இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகச் சொன்னது, புரதம் குறைவு. பசி பாதியாகக் குறைந்தவர், மிச்சமிருக்கும் பாதியையும் சோறு, இட்லி, ரசம் என்றே முடித்தால் தசைக்கு எங்கிருந்து கிடைக்கும்? முட்டை, பருப்பு, சுண்டல், மீன், மோர் இவற்றை முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசிக்குத் தள்ள வேண்டியிருக்கும். கொஞ்சம் எடை தூக்கும் உடற்பயிற்சியும் கட்டாயம். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இது அழகு சம்பந்தப்பட்டதல்ல. தடுக்கி விழாமல் நடப்பது சம்பந்தப்பட்டது.

வயிறு, கண், பித்தப்பை

ஸ்டெப்-1இல் செமக்ளூடைடு எடுத்த நூறு பேரில் 44 பேருக்குக் குமட்டல் வந்தது. வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் சகஜம். அளவை மெதுவாகக் கூட்டுவது இதற்காகத்தான். இரைப்பை மெதுவாகக் காலியாகும்போது ராத்திரி பதினோரு மணிக்கு பரோட்டாவும் சால்னாவும் உள்ளே போனால் விடியும்வரை அது அங்கேயே உட்கார்ந்திருக்கும். தூங்கா நகரத்தின் சாப்பாட்டு நேரத்துக்கும் இந்த மருந்துக்கும் ஆகவே ஆகாது. பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. கணைய அழற்சி அரிது, வந்தால் ஆபத்து. மேல்வயிற்றில் கடுமையாக வலித்து முதுகுப் பக்கம் பரவினால், ‘கேஸ்’ என்று சோடா குடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

கண் விஷயம் நம் ஊரில் தனியாகச் சொல்ல வேண்டியது. நீண்டகாலச் சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்குச் சர்க்கரை திடீரென வேகமாகக் குறைந்தால் பாதிப்பு தற்காலிகமாக மோசமாகலாம். செமக்ளூடைடின் சர்க்கரை நோய் ஆய்வு ஒன்றில் விழித்திரைச் சிக்கல்கள் 3 சதவீதம் பேருக்கு வந்தன. மருந்தில்லாத குழுவில் 1.8 சதவீதம். இதுதவிர, பார்வை நரம்புக்கு ரத்த ஓட்டம் தடைபடும் ஒரு பாதிப்பை மிக அரிதான பக்கவிளைவு என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025 ஜூனில் அறிவித்தது. பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவு. பத்து வருடமாகச் சர்க்கரை உள்ளவர் முதல் ஊசிக்கு முன் விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்வதே சரி. மதுரையில் அதற்கு வசதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்கள் இதை எடுக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் கூடாது, செமக்ளூடைடு எடுப்பவர் குழந்தைக்குத் திட்டமிட்டால் இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்காக இளம்பெண்களுக்கு இது அதிகம் பரிந்துரைக்கப்படும் சூழலில், எடை குறைந்ததும் கரு தரிக்கும் வாய்ப்பும் கூடும் என்பதை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். ஏற்கெனவே இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு அளவைக் குறைக்காமல் ஊசியைச் சேர்த்தால் லோ சுகர் வரும். சஷ்டி விரதம், நோன்பு நாட்களில் இந்த ஆபத்து இரட்டிப்பு. எந்த அறுவை சிகிச்சைக்கும் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் ‘இந்த ஊசி போடுகிறேன்’ என்று சொல்லிவிட வேண்டும். வெறும் வயிறு என்று நினைத்தால் உள்ளே சாப்பாடு இருக்கக்கூடும்.

இன்னொன்று, சித்திரை வெயில். பேனாக்களை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். திறந்த பிறகும் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. பிராண்டைப் பொறுத்து மூன்று வாரம் முதல் எட்டு வாரம் வரைதான் தாங்கும். 40 டிகிரி வெயிலில் பைக் பெட்டியில் அரைநாள் கிடந்த ஊசியைப் போட்டுக்கொண்டு ‘மருந்து வேலை செய்யல’ என்று சொல்வதில் பொருளில்லை. ஃப்ரீஸரில் வைத்து உறைந்துபோனாலும் அது வீண்தான்.

சட்டம் இருக்கிறது, கடையும் இருக்கிறது

இவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். ஆனால் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் கிடைக்கும் ஊரில், விலை ஆயிரங்களில் இருந்து நூறுகளை நோக்கி இறங்கினால், ‘அக்கா, தெரிஞ்ச கடைதான்’ என்று இது எத்தனை நாளில் கைமாறும் என்பது பெரிய புதிர் அல்ல. விலைதான் இதுவரை ஒரு வேலியாக இருந்தது. அந்த வேலி போகும்போது வேறு வேலி கட்டியிருக்கிறோமா? போலிகளும் வந்துவிட்டன, போலி செமக்ளூடைடு பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனிலேயே எச்சரித்தது.

ஒரு பழைய சட்டத்தை இங்கே நினைவுபடுத்தலாம். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தின் அட்டவணையில் உடல் பருமனும் இருக்கிறது. இதைக் குணமாக்கும் என்று எந்த மருந்தையும் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வது குற்றம். ‘30 நாளில் 10 கிலோ’ என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டும் நோட்டீஸும், கொழுப்பு கரைக்கும் பொடி விற்கும் ரீல்ஸும் எழுபது வருடமாகத் தடை செய்யப்பட்டவைதான். சட்டம் போதவில்லை என்பதைவிட, அதை எடுத்துப் பார்க்க ஆளில்லை என்பதே பொருத்தம்.

அரசு என்ன செய்யலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டம்பரில் இந்த மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சேர்த்தது எல்லோருக்கும் அல்ல. டைப்-2 சர்க்கரையோடு இதய நோயோ சிறுநீரகப் பாதிப்போ, கூடவே உடல் பருமனும் உள்ளவர்களுக்கு. டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில் பருமனுக்கு நீண்டகாலம் கொடுக்கலாம் என்று நிபந்தனையோடு பரிந்துரைத்தது. உணவு, உடற்பயிற்சி ஆலோசனை சேர்ந்தே இருக்க வேண்டும் என்றது.

தமிழ்நாட்டுக்கு இதைச் செய்யும் கருவிகள் கையில் உண்டு. 1994இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி விலையைக் குறைப்பதில் நாட்டுக்கே முன்னோடி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. யாருக்கு எத்தனை வருடமாகச் சர்க்கரை என்ற விவரம் அந்தத் தன்னார்வலர்களின் கையில் இருக்கிறது. எல்லோருக்கும் கொடுத்தால் மருந்து பட்ஜெட் தாங்காது. ஆனால் ராஜாஜி அரசு மருத்துவமனையின் சர்க்கரைப் பிரிவுக்கு வரும், பருமனும் சிறுநீரகப் பாதிப்பின் தொடக்கமும் சேர்ந்துள்ள ஒரு நாற்பத்தைந்து வயதுக்காரரை டயாலிசிஸ் வரை போகவிடாமல் தடுக்க முடிந்தால், ஊசியின் செலவை டயாலிசிஸ் செலவோடு பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். உள்நாட்டுத் தயாரிப்பின் டெண்டர் விலை என்னவாக இருக்கும் என்பதில் அந்தக் கணக்கு நிற்கிறது. டெண்டர் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் மருந்து முதலில் போய்ச் சேர்வது, திருமணத்துக்கு முன் ஐந்து கிலோ குறைக்க நினைப்பவரிடம். வாடிப்பட்டியில் கால் மரத்துப்போய், இரண்டு மாத்திரையோடு சமாளித்துக்கொண்டிருக்கும் வயல்வேலைக்காரர் வரிசையில் கடைசியில் நிற்கிறார்.